நான்கு பவுண்டும் நான்கு வேட்டைநாய்களும்: வாஷிங்டன் என்ற பெயர் நடந்த வழி

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின்படி, வாஷிங்டன் என்பதைக் குடும்பப்பெயராகக் கொண்டவர்கள் 1,63,036 பேர். அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பினத்தவர்கள். அந்நாட்டில் பரவலாக வழங்கும் குடும்பப்பெயர்களில் வேறெதுவும் இந்த அளவுக்குக் கறுப்பின மக்களிடமே தங்கிவிடவில்லை. பெயரோ இங்கிலாந்தின் வடகிழக்கு ஓரத்தில், வியர் ஆற்றுக்கு வடக்கே, நியூகாசிலுக்கும் சண்டர்லாந்துக்கும் இடையில் இருக்கும் ஒரு பழைய கிராமத்தினுடையது. குடும்பப்பெயர்களின் வரலாற்றைப் பொழுதுபோக்காகப் படித்துவரும் எனக்கு, இந்தப் பெயரைப் போல வேறெந்தப் பெயரும் இவ்வளவு வேலை வைத்ததில்லை. பெயர் என்றதும் இரத்த உறவைத் தேடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஊரை ஒட்டி வந்த ஆங்கிலப் பெயர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தவறான கேள்வி. அந்த நிலம் யார் கையில் இருந்தது, அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால்தான் பெயர் வாய் திறக்கிறது.

1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றும் வரை அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர் என்ற வழக்கம் இல்லை. ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் தந்தை பெயரையோ, தொழிலையோ, உடல் அடையாளத்தையோ, வீடு இருந்த இடத்தையோ சேர்த்துச் சொல்லிப் பிரித்தறிந்தார்கள். குன்றடியில் இருந்தவன் ஹில் ஆனதும், காட்டோரம் இருந்தவன் உட் ஆனதும் அப்படித்தான். ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டதற்கோ இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, ஊரை விட்டு வெளியேறியவனின் வழி: பிரஸ்டனில் இருக்கும்வரை ஒருவனைப் பிரஸ்டன்காரன் என்று அழைப்பதில் பயனில்லை, அங்கே எல்லோருமே பிரஸ்டன்காரர்கள், வேறிடத்துக்குப் பிழைக்கப் போன பிறகுதான் அந்தப் பெயர் அவனைச் சுட்டத் தொடங்கும். இரண்டாவது, ஊரை ஆண்டவனின் வழி: இவன் அந்த ஊரிலேயே இருந்துகொண்டு, அதன் பெயரைத் தன் உடைமைப் பத்திரம்போலத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டான். நார்மானியப் பிரபுக்கள் பெர்சி, நெவில், வெர்னன் என்று பிரான்சில் தமக்கிருந்த ஊர்களின் பெயர்களை முதலில் சுமந்து வந்தார்கள். பிறகு இங்கிலாந்தில் கிடைத்த ஊர்களின் பெயர்களையும் அவ்வாறே சூட்டிக்கொள்ளும் வழக்கம் நிலவுடைமையாளர்களிடையே பரவியது. வாஷிங்டன் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அதற்கான சான்று ஒரு வரிக்கணக்கு ஏட்டில் இருக்கிறது. அந்த ஊர் இருந்த டரம் பகுதியின் ஆயர் (பிஷப்) அந்தக் காலத்தில் வெறும் சமயத் தலைவர் அல்லர். வடக்கெல்லையில் ஏறத்தாழ ஒரு குறுநில மன்னரைப்போல ஆண்டவர். ஆயராக இருந்த ஹ்யூ டி பியூசே, 1183இல் தன் நிலங்களிலிருந்து யார் யார் என்னென்ன செலுத்தவேண்டும் என்று கணக்கெடுக்கச் செய்தார். போல்டன் ஏடு என்று அதற்குப் பெயர். மூல ஏடு மறைந்துவிட்டது; பிற்காலப் படிகளே கிடைக்கின்றன. அதில் ஹார்ட்பர்ன் என்ற ஊரைச் சேர்ந்த வில்லியம் என்பவரைப் பற்றிய பதிவு ஒன்று உண்டு. அவர் தம் ஹார்ட்பர்ன் கிராமத்தை ஆயரிடம் விட்டுக்கொடுத்து, அதற்கு மாற்றாக, தேவாலயமும் அதற்குரிய நிலமும் நீங்கலாக வெஸ்ஸிங்டன் (வாஷிங்டன் என்பதன் பழைய வடிவம்) கிராமத்தைப் பெற்றிருக்கிறார். அதற்காக ஆண்டுக்கு நான்கு பவுண்டு செலுத்தவேண்டும், ஆயரின் பெருவேட்டைக்கு நான்கு கிரேஹவுண்டு நாய்களோடு வரவேண்டும். ஒப்பந்தம் அவ்வளவுதான். எனக்கு இதில் சுவையாகப் படுவது, இந்த வில்லியம் அதற்கு முன்பும் ஓர் ஊர்ப்பெயரோடுதான் இருந்தார் என்பது. ஹார்ட்பர்ன் கைவிட்டுப் போனதும் அந்தப் பெயரும் போயிற்று. வெஸ்ஸிங்டன் கைக்கு வந்ததும் அதன் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ஆயர் அந்த நிலமாற்றத்துக்கு இணங்காமல் இருந்திருந்தால், அமெரிக்காவின் தலைநகரம் ஹார்ட்பர்ன் என்று அழைக்கப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு. இன்று ஹார்ட்பர்ன், ஸ்டாக்டன் நகரின் ஒரு புறநகர்ப் பகுதியாக அமைதியாக இருக்கிறது.

வெஸ்ஸிங்டனும் வில்லியம் வைத்த பெயர் அன்று. வஸ்ஸா என்ற ஆங்கிலோ-சாக்சன் ஒருவனின் பண்ணை அல்லது குடியிருப்பு என்பதே பெயர் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அந்த வஸ்ஸாவைப் பற்றி அவன் பெயரைத் தவிர வேறெந்தச் செய்தியும் எஞ்சவில்லை. தெற்கே சசெக்ஸிலும் இதே பெயரில் ஒரு கிராமம் உண்டு. அதற்கும் மூலம் வஸ்ஸா என்ற பெயரே, ஆனால் ஆள் வேறு. ஆகவே இங்கிலாந்தில் வாஷிங்டன் என்று பெயர் கொண்ட எல்லோரும் ஒரே கால்வழி என்று கொள்ள முடியாது. ஊர்ப்பெயர்க் குடும்பங்களைத் தேடுபவர்கள் முதலில் இடறி விழும் இடம் இதுதான்: ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கும், ஒரே ஊரிலிருந்து வெவ்வேறு காலத்தில் வெளியேறிய, ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத பத்துப் பேர் அதே பெயரைக் கொண்டு போயிருப்பார்கள். 1416 முதல் 1446 வரை டரம் பேராலயத்துத் துறவிமடத்தின் தலைவராக இருந்தவர் ஜான் வெஸ்ஸிங்டன். மடத்தின் உரிமைகளை நிலைநாட்டப் பழைய ஆவணங்களைத் தோண்டித் துருவிக் கட்டுரை எழுதிக் குவித்த மனிதர் அவர். வில்லியத்தின் குடும்பத்தோடு அவரை இணைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சொல்வதானால், அவரோ அவர் முன்னோரோ அந்த ஊர்க்காரர்கள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல இயலாது.

குடும்பத்தின் மூத்த கிளை வெஸ்ஸிங்டனிலேயே இருந்து, ஆண் வாரிசின்றிப் போக, நிலம் மகள்வழியில் வேறொரு குடும்பத்துக்குச் சென்றது. இளைய கிளை முன்னரே மேற்கே நகர்ந்துவிட்டது. 1292இல் ராபர்ட் என்பவர் வெஸ்ட்மோர்லாந்தில் ஸ்ட்ரிக்லாந்து குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அந்த வழியினர் பிறகு லங்காஷையரின் வார்ட்டன் கிராமத்தில் நிலைகொண்டார்கள். இதற்குள் பெயரின் முன்னால் நின்ற ‘டி’ (de) என்ற பிரெஞ்சு ஒட்டும் உதிர்ந்துவிட்டது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒட்டு இருந்தவரை அந்தப் பெயர் இன்ன ஊருக்கு உடையவர் என்று ஓர் உரிமையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அது உதிர்ந்தபோது, பிள்ளைகள் பார்த்தேயிராத ஊரின் பெயரைத் தந்தையிடமிருந்து வெறும் பெயராகப் பெறுவது இயல்பாகிவிட்டது.

வார்ட்டனிலிருந்து லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் தெற்கே நார்த்தாம்ப்டனுக்குச் சென்று கம்பளி வணிகத்தில் பொருள் சேர்த்தார்; இருமுறை அந்நகரின் மேயராகவும் இருந்தார். எட்டாம் ஹென்றி துறவிமடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, அங்கிருந்த புனித ஆண்ட்ரூ மடத்துக்குச் சொந்தமாயிருந்த சல்கிரேவ் நிலத்தை 1539இல் வாங்கி அங்கே மாளிகை கட்டினார். வீட்டு முகப்பில் பொறிக்கப்பட்ட குடும்பச் சின்னம் இன்றும் காட்டப்படுகிறது: வெள்ளைக் கேடயத்தில் குறுக்காக இரண்டு சிவப்புப் பட்டைகள், மேலே மூன்று சிவப்பு விண்மீன்கள். இதே சின்னம் யார்க்‌ஷையரில் செல்பி மடாலயத்தின் கண்ணாடிச் சாளரம் ஒன்றிலும் உண்டு. அமெரிக்கக் கொடியின் பட்டைகளும் விண்மீன்களும் இதிலிருந்து பிறந்தவை என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதை நம்பவேண்டியதில்லை. கொடி வகுக்கப்பட்ட 1777ஆம் ஆண்டின் ஆவணங்களில் அதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது. ஆனால் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டன் 1938இல் ஏற்றுக்கொண்ட கொடி இந்தச் சின்னமேதான்.

சின்னம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உங்கள் குடும்பப்பெயரைத் தட்டினால் அதற்குரிய கேடயச் சின்னத்தைக் கோப்பையிலும் சட்டையிலும் அச்சிட்டுத் தரும் கடைகள் ஏராளம். ஆங்கில மரபில் சின்னம் ஒரு மனிதருக்கும் அவருடைய நேரடி வாரிசுகளுக்கும் அளிக்கப்படுவது, பெயருக்கு அளிக்கப்படுவதன்று. வாஷிங்டன் என்ற பெயர் இருப்பதாலேயே இரண்டு சிவப்புப் பட்டைகள் ஒருவருக்கு உரிமையாகிவிடா. அந்தக் கடைகளில் கிடைப்பது அழகான கோப்பை, அவ்வளவே.

சல்கிரேவ் குடும்பத்தின் வழிவந்த இன்னொரு லாரன்ஸ், எசெக்ஸில் பர்லி என்ற ஊரின் தேவாலயக் குருவாக இருந்தார். உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1643இல், நாடாளுமன்றத் தரப்பினர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். சாராயக் கடைகளில் நாள்தோறும் குந்தியிருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. அரசர் பக்கம் நின்ற குருமார்களை விரட்ட இத்தகைய குற்றச்சாட்டுகள் தாராளமாகப் பயன்பட்ட காலம் அது. அவர் அடக்கமான, நிதானமான மனிதர் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எப்படியோ குடும்பம் நொடித்துப்போயிற்று. மகன் ஜான் கப்பலேறினார். 1656இல் புகையிலை வாங்க வர்ஜீனியாவுக்குப் புறப்பட்ட கப்பலில் அவர் துணை அதிகாரி. அடுத்த ஆண்டு திரும்பும் வழியில் பொட்டோமாக் ஆற்றில் கப்பல் தரைதட்டியது. ஜான் அங்கேயே தங்கினார், நிலமுள்ள வீட்டுப் பெண்ணை மணந்தார், நிலம் சேர்த்தார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் 1732இல் பிறந்த ஜார்ஜ்.

அந்த ஜார்ஜ் வாஷிங்டனுக்குத் தம் பெயரின் ஊரைப் பற்றித் தெரிந்திருந்ததா? குடியரசுத் தலைவராக இருந்தபோது, இங்கிலாந்தின் தலைமைச் சின்னப் பதிவாளர் ஐசக் ஹெர்ட் அவருடைய வம்சாவளியைக் கேட்டு எழுதினார். 1792 மே மாதம் ஜார்ஜ் பதில் அனுப்பினார். இந்த விஷயத்தில் தாம் மிகக் குறைவான கவனமே செலுத்தியிருப்பதாக ஒப்புக்கொண்டு, முன்னோர் இங்கிலாந்தின் வடக்கு மாவட்டங்களில் ஏதோ ஒன்றிலிருந்து வந்ததாகக் கேள்வி, லங்காஷையரா யார்க்‌ஷையரா அதற்கும் வடக்கா என்பது சரியாக நினைவில்லை என்று எழுதினார். ஆறு நூற்றாண்டுகளில் அந்தப் பெயர் தன் ஊரை முழுவதும் மறந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதத்துக்கு முந்தைய ஆண்டுதான் பொட்டோமாக் கரையில் எழும்பவிருந்த புதிய தலைநகருக்கு அவர் பெயரைச் சூட்டியிருந்தார்கள். ஊரிலிருந்து ஆளுக்கு வந்த பெயர் ஆளிலிருந்து மறுபடி ஊருக்குப் போயிற்று. 1853இல் மேற்குக் கரையில் கொலம்பியா என்று ஒரு புதிய ஆட்சிப்பகுதியை அமைக்க முனைந்தபோது, தலைநகர மாவட்டத்தின் பெயரோடு குழப்பம் வரும் என்று சொல்லி அதற்கும் வாஷிங்டன் என்றே பெயரிட்டார்கள். குழப்பம் தீர்ந்ததா என்பதை வாசகர்களே அறிவார்கள்.

ஜார்ஜுக்குப் பிள்ளைகள் இல்லை. 1799இல் அவர் இறந்தபோது மவுண்ட் வெர்னன் பண்ணையில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் 317 பேர். அவர்களில் 123 பேர் அவருக்கே உரியவர்களாகக் கருதப்பட்டவர்கள்; தம் மனைவியின் காலத்துக்குப் பின் அவர்களை விடுவிக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். மார்த்தா அதுவரை காத்திராமல் 1801 ஜனவரி முதல் நாளிலேயே விடுவித்தார். மார்த்தாவின் முதல் கணவருடைய சொத்தின் வழியாக வந்த 153 பேரை விடுவிக்கச் சட்டத்தில் இருவருக்கும் அதிகாரம் இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டார்கள்.

அந்தப் பண்ணையிலிருந்து முன்பே தப்பிப்போன ஒருவரின் கதையை, இந்தப் பெயரின் வரலாற்றில் வில்லியத்துக்கு அடுத்து வைக்கத் தக்கது என்று நான் கருதுகிறேன். ஆப்பிரிக்காவில் காம்பியா ஆற்றுப் பகுதியில் பிறந்து, கடத்தி விற்கப்பட்டு, ஜார்ஜால் வாங்கப்பட்டவர் ஹாரி. விடுதலைப் போர் வெடித்தபோது, ஆங்கிலேயப் படையில் வந்து சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவிக்கப்பட்டது. ஹாரி ஓடிப்போய்ச் சேர்ந்தார். 1783இல் தோற்ற ஆங்கிலேயர் நியூயார்க்கை விட்டுக் கிளம்பியபோது, உடன் சென்ற கறுப்பின மக்களின் பெயர்களைப் பேரேடு ஒன்றில் பதிந்தார்கள். அதில் அவர் ஹாரி வாஷிங்டன். தம்மை விலைக்கு வாங்கியவரின் பெயரையே, அவரை எதிர்த்த படையோடு புறப்படும் கப்பலின் பட்டியலில் பதிந்துகொண்டு நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார். அங்கே வாக்களித்த நிலம் சரிவரக் கிடைக்காமல், 1792இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு சியரா லியோனுக்குப் பயணமானார். அங்கே குடியேற்றத்தை நடத்திய நிறுவனம் அவர்களுடைய நிலங்களுக்கு ஆண்டு வாரம் கேட்டது. இலவசமாகத் தருவதாகச் சொன்ன நிலத்துக்கு வாரமா என்று குடியேறியவர்கள் மறுத்தார்கள்; 1800இல் அது கிளர்ச்சியாக மூண்டது. கிளர்ச்சியாளர்களோடு நின்ற ஹாரியை இராணுவ விசாரணைக்குப் பின் நாடுகடத்தினார்கள். முதல் வாஷிங்டன் நான்கு பவுண்டு வாரம் செலுத்த ஒப்புக்கொண்டு அந்தப் பெயரைப் பெற்றார். இவர் நில வாரம் செலுத்த மறுத்து, அந்தப் பெயரோடு துரத்தப்பட்டார்.

ஆனால் இன்று இந்தப் பெயரைத் தாங்கும் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மவுண்ட் வெர்னனோடு இணைத்துவிட முடியாது. அங்கிருந்தவர்கள் சில நூறு பேர்தாம், அவர்களிலும் பலர் வேறு குடும்பப்பெயர்களையே கொண்டிருந்தார்கள். ஜார்ஜின் அருகிலேயே போர்க்களமெங்கும் சென்ற பணியாளர் வில்லியம் லீ, தம்மை முன்பு உடைமையாக வைத்திருந்த குடும்பத்தின் பெயரைத்தான் கடைசிவரை வைத்திருந்தார். பெரும்பாலான கறுப்பின வாஷிங்டன்கள் இந்தப் பெயரை 1865க்குப் பின், அடிமை முறை ஒழிந்தபோது, தாமே தேர்ந்துகொண்டவர்களின் வழிவந்தவர்கள்.

அப்படிப்பட்ட ஒரு தருணத்தை நெருக்கத்தில் பார்க்கக் கிடைப்பது புக்கர் டி. வாஷிங்டனின் தன்வரலாற்றில். 1856 வாக்கில் வர்ஜீனியாவில் அடிமைப் பிள்ளையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் மேற்கு வர்ஜீனியாவின் உப்பளத்தில் வேலை செய்த சிறுவன், முதன்முறையாகப் பள்ளிக்குப் போகிறான். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கப் படிக்க, மற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் குறைந்தது இரண்டு பெயர்கள் இருப்பதைக் கவனிக்கிறான். அவனுக்கோ புக்கர் என்ற ஒற்றைப் பெயர்தான். தன் முறை வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஆசிரியர் முழுப்பெயர் என்ன என்று கேட்டதும், பிறந்தது முதல் அப்படித்தான் அழைக்கப்பட்டவன்போல, புக்கர் வாஷிங்டன் என்று அமைதியாகச் சொல்லிவிடுகிறான். தாய் தனக்கு டாலியஃபெரோ என்று இன்னொரு பெயரும் வைத்திருந்தது பிற்பாடுதான் அவனுக்குத் தெரியவருகிறது. அவனுடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். அந்தச் சிறுவனின் வாயில் அந்தச் சொல் தயாராக இருந்ததற்கு அது காரணமாக இருக்கலாம். ஜார்ஜின் புகழால் வாஷிங்டன் என்பதைப் பிள்ளைகளுக்கு முதற்பெயராக வைப்பது அந்தக் காலத்தில் வெள்ளையர், கறுப்பர் இருசாராரிடமும் சாதாரணம். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் கறுப்பின மக்களுக்கான டஸ்கீகி கல்வி நிலையத்தைக் கட்டி எழுப்பியவர்.

அடிமைப்படுத்தியவரின் பெயரை ஏன் விரும்பி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியே சற்று அவசரமானது என்பது என் எண்ணம். எடுத்துக்கொண்டவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு அந்தக் குடும்பம் எசமானர் குடும்பம் அன்று; நாட்டின் முதல் தலைவர் என்று எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர், உயிலில் அடிமைகளை விடுவித்தவர் என்ற பேச்சும் கூடவே இருந்த பெயர். தாமும் இந்த நாட்டுக் குடிமக்களே என்று பதிவேட்டில் எழுதிக் காட்ட, அதைவிடப் பொருத்தமான பெயர் அகப்பட்டிருக்காது.

இத்தனைக்கும் நடுவில் மூல ஊர் என்னவாயிற்று என்றால், நிலக்கரி கிடைத்தது. வில்லியத்தின் மாளிகை இருந்த இடத்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட வீடு, சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் அறைக்கொன்றாக நெருக்கியடித்து வாழும் குடியிருப்பாகச் சிதைந்தது. 1936இல் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டு இடிக்கப்பட இருந்தது. உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் முயற்சியால் தப்பி, 1955இல் அமெரிக்கத் தூதர் கையால் திறந்துவைக்கப்பட்டு, இரண்டாண்டுகளில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் போயிற்று. சமையலறைக்கும் பெருங்கூடத்துக்கும் இடையே உள்ள கல் வளைவுகள் மட்டுமே பழைய மாளிகையிலிருந்து எஞ்சியவை. 1977இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வந்து ஊர்ப் பசுந்தரையில் ஒரு மரக்கன்று நட்டுவிட்டுப் போனார். 1964இல் புதுநகரமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரின் குடியிருப்புப் பகுதிகளில் இன்று சல்கிரேவ், ஆல்பனி, கான்கார்ட் என்ற பெயர்கள் இருக்கின்றன, கொலம்பியாவும் இருக்கிறது.

வம்சாவளி தேடுபவர்களுக்கு இந்தப் பெயர் இரண்டு விதமாகத் திறக்கிறது. இங்கிலாந்துக் கிளையின் வழி, எட்டு நூற்றாண்டுகளைத் தாண்டி, வேட்டைநாய்களின் எண்ணிக்கை வரை போய் நிற்க முடிகிறது. அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களுக்கோ 1870இல் பெரிய சுவர் ஒன்று நிற்கிறது. அடிமைகளாயிருந்த மக்கள் எல்லோரும் மக்கள்தொகைக் கணக்கில் பெயரோடு இடம்பெற்ற முதல் ஆண்டு அது. அதற்கு முந்தைய 1850, 1860ஆம் ஆண்டுப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை மட்டும் வரிசையாக இருக்கும். ஆளின் பெயர் அநேகமாக எங்கும் இராது. சுவரில் உள்ள சில வாசல்களில் ஒன்று, விடுதலை பெற்றவர்களுக்காக 1865 முதல் 1874 வரை நடந்த சேமிப்பு வங்கியின் கணக்குப் படிவங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி மக்கள், பிறந்த இடம் ஆகியவற்றோடு, தொடக்ககாலப் படிவங்களில் முன்னாள் எசமானரின் பெயருக்கும் பண்ணையின் பெயருக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. எசமானரின் கட்டத்தில் இருக்கும் பெயரும் கணக்கு வைத்திருப்பவரின் பெயரும் பல படிவங்களில் வேறு வேறு. வாஷிங்டன் என்ற முன்னோரைத் தேடுபவர், வாஷிங்டன் என்ற எசமானரைத் தேடிக் காலத்தைப் போக்காமல், எசமானரின் கட்டத்தில் எழுதியிருக்கும் பெயரின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் புரட்டுவதே நல்லது.